ஒழுக வேண்டிய கூரை

1

முதலில் ஒரு வதந்தியை முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் எங்கள் நோர்வூட் பக்கம் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து என் நாத்தனார் ராஜேஸ்வரியின் காதில் போட்டுவிடுங்கள். நாங்கள் இங்கிலாந்தில் குடிசையில் இல்லை. செங்கல் வீட்டில் இருக்கிறோம். வாடகை வீடுதான், மாடிப்படி ஏறினால் கிறீச்சென்று கத்தும்தான், ஆனாலும் வீடு.

நடந்தது என்னவென்றால், என் வீட்டுக்காரர் ஒரு குடிசைக்கு முன்னால் கையில் சுத்தியலோடு நின்று, அத்தனை பல்லும் தெரியச் சிரித்து, ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். கீழே ஒரு விளக்கம் எழுத வேண்டாமா? "நானே கட்டினது" என்று மட்டும் போட்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் ராஜேஸ்வரி போன் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அண்ணனுக்கு வேல போயிருச்சா?"

"இல்லம்மா, வேலைக்குத்தான் போயிருக்காரு."

"மறைக்காதீங்க. மேல ஒரு தகரம்கூட இல்ல, வெறும் எலயும் தழையுமா கெடக்கு. இங்க நம்ம லயத்துலயாவது தகரம் இருக்கு. பேசாம புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

"அது வீடு இல்ல ராஜி. தர்ஷி பள்ளிக்கூடத்துல கட்டினது."

"பள்ளிக்கூடமே குடிசையா?" என்று அவள் இன்னும் ஓங்கி அழுதாள்.

அன்று மாலைக்குள் லயம் முழுக்க, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அத்தனை வீட்டுக்கும், செய்தி பரவியது. யாரோ எங்களுக்காகக் கோயிலில் அர்ச்சனை வேறு செய்திருக்கிறார்கள். அர்ச்சனை செய்த புண்ணியவதிக்கு நன்றி. ஆனால் விசயத்தை நான் முழுதாக எழுதாவிட்டால் அடுத்து உண்டியல் குலுக்கி டிக்கெட் அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

2

நான் கந்தப்பளையில் பிறந்து நோர்வூட்டில் வாக்கப்பட்டவள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கென்று விசா எடுத்து வட இங்கிலாந்தில் இந்த ஊருக்கு வந்தேன். பின்னாலேயே அவரும் மகளும் வந்தார்கள். அவர் பெயர் செல்வராஜ். பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலை. மகள் தர்ஷினிக்கு எட்டு வயது. உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைக்கிற வயது.

வந்ததும் அவளுக்குப் பள்ளிக்கூடம் தேடினோம். இங்கே நாம் தேடக்கூடாது, நகரசபைதான் தேடும். விரும்புகிற பள்ளிக்கூடங்களை எழுதச் சொன்னார்கள். எழுதினோம். எழுதியது எதிலும் இடமில்லை, எழுதாத ஒன்றில் இடம் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் புரியாத எழுத்தில் ஒரு பலகை. யூதர்களின் சமயப் பள்ளிக்கூடமாம். அரசாங்கப் பணத்தில் நடப்பதால் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் யூதப் பிள்ளைகளே இல்லை. பாகிஸ்தான் பிள்ளை, நைஜீரியப் பிள்ளை, போலந்துப் பிள்ளை, அதற்கு நடுவே எங்கள் நோர்வூட் பிள்ளை.

"ஏங்க, மதம் மாத்திருவாங்களோ?" என்று நான் பயந்தேன்.

"நாம சேரணும்னு கேட்டாலே அவங்க லேசுல சேத்துக்க மாட்டாங்களாம். கிடங்குல ஒருத்தன் சொன்னான்" என்றார் அவர். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிகூட எனக்குப் பட்டது.

முதல் வருடம் எழுத்துப் பழக்கும்போது பலகையில் தேனைத் தடவி நக்கச் சொன்னார்களாம். படிப்பு இனிக்க வேண்டுமாம். நம் ஊரில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். நம் பிள்ளைகளும் அந்த அரிசியை அள்ளி வாயில் போடத்தானே செய்கின்றன.

ஆனால் அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எங்கள் வீட்டைத் தலைகீழாக்கியது. பாலும் இறைச்சியும் ஒன்றாகச் சேரக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, என் பிரிட்ஜை இரண்டாகப் பிரித்துவிட்டாள். மேல்தட்டு பாலுக்கு, கீழ்த்தட்டு கறிக்கு. கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவர் ஒரு பால் தேத்தண்ணி கேட்டால் கையை நீட்டி மறிப்பாள். "பொறுங்க. இன்னும் நேரம் ஆகல." மனுசன் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோயிலில் கொடி ஏறிவிட்டால் கறிச்சட்டியைத் தூக்கி வெளியே வைக்கிற குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு அது பெரிய விசயமில்லை. எனக்குத்தான் கறிச்சட்டி எது, பால்சட்டி எது என்று குழம்பும்.

இன்னொரு பண்டிகையில் பழைய கதை ஒன்றை வாசிப்பார்கள். கதையில் வருகிற கெட்டவனின் பெயரைச் சொன்னதும், அந்தப் பெயரே கேட்காதபடி பிள்ளைகள் கிலுக்கை ஆட்டிக் கூச்சல் போட வேண்டும். நம்ப மாட்டீர்கள், அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எங்கள் முதியோர் இல்லத்து மேற்பார்வைக்காரி ஒருத்தியைப் பற்றி நான் இரவுச் சாப்பாட்டில் புலம்புவது வழக்கம். அவள் பெயரை நான் எடுத்ததும் மகள் டின்னில் கடலையைப் போட்டு கடகடவென்று ஆட்டுவாள், அப்பனும் தட்டைத் தட்டுவார். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பெண்மேல் இருந்த கோபம் குறைந்தது.

3

இதெல்லாம் சிரிக்கிற விசயம். இனிச் சொல்லப்போவது எனக்கு நெஞ்சில் குத்திய விசயம்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டு உண்டு. பொழுது சாய்ந்ததும் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்குகிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்க, வாரத்துக்கு ஒரு பிள்ளையை அம்மாவாக்கி, ஒருவனை அப்பாவாக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, சடை மாதிரி பின்னிய பாணை, அதாவது ரொட்டியை, பிய்த்து எல்லாருக்கும் கொடுத்து, திராட்சை ஜூஸை ஆசீர்வதித்துக் குடிப்பார்கள். அந்த வாரத்துப் பிள்ளையின் தாய் தகப்பனையும் கூப்பிடுவார்கள். தர்ஷியின் முறை வந்தது. பாணை அவளே பின்னினாள். வகுப்பிலேயே அவள் பாண்தான் அழகு. சும்மாவா, தினமும் காலையில் என்னிடம் சடை பின்னிக்கொள்கிற தலையல்லவா.

கிடங்கிலிருந்து நேராக ஓடிவந்தார் அவர், ஆரஞ்சு நிற மின்னும் சட்டையோடு. எல்லாரும் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றியதும் எழுந்து கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். போகட்டும். பாண் வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவும் போகட்டும். அடுத்து, சின்னக் காகிதக் கோப்பையில் திராட்சை ஜூஸ் வந்தது. மனுசன் அதை உள்ளங்கையில் ஊற்றி, உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்.

தீர்த்தம் வாங்கினால் வேறு என்ன செய்வது? நானாக இருந்தாலும் கை தானாகத் தலைக்குப் போயிருக்கும். ஆனால் தீர்த்தத்துக்குச் சாயம் கிடையாது. ஊதா நிறத்தில் ஜூஸ் நெற்றி வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து சொட்டியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவரும் சேர்ந்து சிரித்தார். தர்ஷி மட்டும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் தள்ளிப்போய்த் தனி சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதே தெரியாத மாதிரி, என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள். அப்பா இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம், நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

அவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். "சரிடா தங்கம்" என்றார். பிறகு குசினிக்குப் போய், நான் கேட்காமலே வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

அவளை இழுத்து வைத்து நாலு கேள்வி கேட்கப் போனேன். "விடு, சின்னப்புள்ள. அவளுக்கு வெக்கமாப் போச்சு" என்று அவர்தான் தடுத்தார். அன்றிலிருந்து அவளைக் கூட்டிவர அவர் போகிற நாட்களில் பள்ளிக்கூடக் கேட்டுக்குப் போவதில்லை. தெருமுனையில் தபால்பெட்டி பக்கத்தில் நிற்பார். அவள் அங்கே வந்து சேர்வாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு சொல்லில். அந்தத் தபால்பெட்டியைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும்.

4

இந்த வருடம் இலையுதிர் காலத்தில் சுக்கோத் பண்டிகை வந்தது. யூதர்களின் முன்னோர்கள் எகிப்தில் அடிமையாக இருந்து தப்பி, பாலைவனத்தில் அலைந்தபோது குடிசைகளில் இருந்தார்களாம். அதை நினைத்து வருடத்தில் ஒரு வாரம் வெளியே சுக்கா என்கிற குடிசை போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூட முற்றத்திலும் ஒன்று கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அப்பாமார் யாராவது உதவிக்கு வாருங்கள் என்று செய்தி வந்தது.

நான் விடவில்லை. "ஞாயித்துக்கிழம பள்ளிக்கூடத்துல புள்ளைக யாரும் இருக்காது. அப்பா வந்தா ஒனக்கு என்னா?" என்று மகளிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று இன்னும் சில அப்பாமாரும் வந்தார்களாம். கோப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இவரும் அந்தப் பள்ளிக்கூடத்து ரபாயும் சேர்ந்து கட்டி முடித்தார்கள். ரபாய் என்றால் அவர்களுடைய மதகுரு. செம்பட்டைத் தாடி வைத்த சின்ன வயதுக்காரர், பந்து விளையாடுகிற சப்பாத்து போட்டிருப்பார். இவர் அவரைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். ராஜேஸ்வரியை அழவைத்த படம் அன்று எடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனுசன் முகம் வாடியிருந்தது.

"என்னாங்க?"

"பாவம் புள்ள, வசதி இல்லாத பள்ளிக்கூடம் போல. பலக எல்லாம் நல்ல பலக. கூரைக்கு மட்டும் தகரம் வாங்கக் காசு இல்ல. எலய போட்டு மூடச் சொல்றாரு சாமி. அதுவும் நெருக்கிப் போட்டா கலச்சு விடுறாரு. இருக்குற கொப்பு பத்தலன்னு சொல்ல வெக்கப்படுறாரு, பாத்தாலே தெரியுது."

"என்னாமோ ஸ்டார், ஸ்டார்னாரு. எனக்கு வெளங்கல" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகத்தில் அவருக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான், ஒழுகுகிற கூரை. சம்பளம் குறைந்தால் பேசாமல் இருப்பார், பஸ் வராவிட்டால் பேசாமல் நடப்பார். கூரை ஒழுகினால் மட்டும் ஆளே மாறிவிடுவார். நான் கலியாணமாகிப் போன புதிதில் நோர்வூட் லயத்துக் கூரைக்கு மேல்தான் அவரை அதிகம் பார்த்திருக்கிறேன். மழைமாதம் தொடங்கினால் தார் டின்னும் சாக்குமாக மேலே ஏறிவிடுவார். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்துக் காம்பரா அறையில் இரண்டு திறக்கும். இருந்த சட்டி பானை எல்லாம் தரையில் நிற்கும், சோறு வடிக்கப் பாத்திரம் இருக்காது. தோட்டத்துத் தொரைமார் மாறினார்கள், தகரம் மாறவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். போனில் பார்த்தாராம், வாரம் முழுக்க மழை. கிடங்கில் கழித்துப் போட்ட பெரிய நீலத் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டிருந்தால் இந்த நாட்டில் எந்தக் கேட்டும் திறக்கும். பள்ளிக்கூடக் காவல்காரர் இவரை நகரசபை ஆள் என்று நினைத்து ஏணியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். படங்கை இலைக்கு மேலே விரித்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கல்லைத் தொங்கவிட்டு, நோர்வூட் காற்றுக்கே அசையாத மாதிரி இறுக்கிவிட்டு வந்தார்.

"ஒரு சொட்டு எறங்காது" என்று அன்று முழுக்க சந்தோசமாக இருந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

5

பண்டிகைச் சாப்பாட்டுக்குத் தாய் தகப்பனைக் கூப்பிட்டிருந்தார்கள். "அம்மா மட்டும்" என்று தர்ஷி முதல்நாளே சொல்லிவிட்டாள். அவர் எங்களோடு தெருமுனை வரைக்கும் வந்து தபால்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டார். நான் நல்ல சேலை உடுத்திப் போனேன்.

பிள்ளைகளை வரிசையாகக் குடிசைக்குள் விட்டார்கள். போன பிள்ளைகள் சத்தம் போட்டன. உள்ளே படம் தொடங்கப்போகிற தியேட்டர் மாதிரி இருட்டு. ரபாய் தலையை உள்ளே விட்டார், நிமிர்ந்து மேலே பார்த்தார், வெளியே வந்து சுற்றிப் பார்த்தார், தொங்குகிற கல்லைத் தொட்டுப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். காவல்காரர் ஆரஞ்சுச் சட்டைக்காரர் என்றார். எனக்குக் காதுவரைக்கும் சூடேறியது. தர்ஷி என் சேலையைப் பிடித்தாள்.

ரபாய் என்னைப் பார்த்து, உங்கள் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்றார். போன் போட்டேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை. மனுசன் பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு வந்துவிட்டார்.

என்னுடைய இங்கிலீஷ், கிழவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுக்கிற இங்கிலீஷ். சாமி சமாச்சாரம் அதில் இல்லை. ஆகவே தர்ஷிதான் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு தொடங்கினாள்.

"அப்பா, மேல போட்டத எடுக்கணுமாம்."

"ஏன்டா? நல்ல படங்குதான்."

"வானம் தெரியணுமாம்."

"வானத்துக்கு என்னா, வெளிய வந்தாத் தெரியுது."

"உள்ள இருந்தே தெரியணுமாம். நட்சத்திரம் தெரியணும். அதான் சட்டம்."

"மத்தியானச் சோத்துக்கு ஏது நட்சத்திரம்? மழ கறுத்துக்கிட்டு வருதுன்னு சாமிகிட்ட சொல்லு."

சொன்னாள். ரபாய் வானத்தைப் பார்த்துச் சிரித்து என்னமோ சொன்னார்.

"மழ வந்தா வரட்டுமாம்."

"வந்தா ஒழுகும்டா!"

"ஒழுகினாத்தான் சரியாம். ஒழுகாத கூரையின்னா அது சுக்காவே இல்லையாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்னாடி சொல்றா இவ? சரியாத்தான் மாத்திச் சொல்றாளா?"

"சரியாத்தான் சொல்றா. நீங்க எடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

எடுக்கவில்லை. நான் சொன்னேனே, கூரை விசயத்தில் ஆள் மாறிவிடுவார் என்று. இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நீ இத அப்படியே சொல்லு தர்ஷி. கூரை ஒழுகுது, கூரை ஒழுகுதுன்னு நாங்க தொரைகிட்டப் போய் நின்னோம். கிளாக்கர்கிட்ட நின்னோம். எலெக்சன் கேட்டு வந்தவங்க காலுல விழுந்தோம். எத்தன பெட்டிசன்! எங்க சாமிகிட்டயும் அடைக்கச் சொல்லித்தான் கும்பிட்டோம். இவங்க சாமி ஒழுகச் சொல்லுதா?"

தொரை என்றால் தோட்டத்து மேலாளர் என்று தர்ஷிக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்து, இங்கிலீஷில் ராஜா என்று சொன்னாள். அப்பாவின் ஊரில் ஒரு கெட்ட ராஜா இருந்தான், வீடெல்லாம் ஒழுகியது, அவன் சரிசெய்து கொடுக்கவில்லை.

"பார்வோன் மாதிரியா?" என்று கேட்டார் ரபாய். பார்வோன், அந்த எகிப்து ராஜா.

தர்ஷி கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகள் ஓவென்றன. எகிப்திலிருந்து தப்பி வந்தவரை அவர்கள் நேரில் பார்ப்பது அதுதான் முதல்தடவை. சிலர் கிட்டே வந்து, பாலைவன மணல் ஒட்டியிருக்கிறதா என்று அவருடைய சப்பாத்தைப் பார்த்தார்கள்.

அப்புறம் தர்ஷி அவர் பக்கம் திரும்பி, யாரும் சொல்லச் சொல்லாத ஒன்றைக் கேட்டாள். "அப்பா, நெசமாவே ஒங்க வீடு ஒழுகுமா?"

"ஒழுகுமாவா? நான் படுக்குற எடத்துல தலமாட்டுல ஒரு சட்டி, கால்மாட்டுல ஒரு சட்டி. டொக்கு டொக்குன்னு சத்தத்துக்குத் தூக்கம் வராது. அதுக்கு ஒங்க அத்த சட்டிக்குள்ள பழந்துணியப் போட்டு வைப்பா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இத்தனை நாள் அவளுக்கு இதை நாங்கள் சொன்னதில்லை. பிள்ளைக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

ரபாய் அவள் உயரத்துக்குக் குனிந்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக அப்பனுக்குச் சொன்னாள். "வருசத்துல ஒரு வாரந்தானாம் அப்பா. மத்த நாளு நல்ல வீட்டுலதான் இருக்காங்களாம். இந்த ஒரு வாரம் பழசு மறக்காம இருக்க இப்படி இருப்பாங்களாம்."

அவர் கையை இடுப்பிலிருந்து எடுத்தார். "அப்ப சரி" என்றார். "நாங்க வருசம் பூராவும் இந்தப் பண்டிகைதான் கொண்டாடினோம்னு சொல்லு."

அவள் சொன்னாள். ரபாய் சிரித்த சிரிப்பில் குடிசைக் கம்பைப் பிடித்துக்கொண்டார், குடிசையே ஆடியது. பிறகு அவரும் இவருமாக ஏணியைப் போட்டுப் படங்கை அவிழ்த்தார்கள். முடிச்சை அவிழ்க்கத்தான் நேரமானது. அது காற்றுக்கென்றே போட்ட முடிச்சு.

6

அப்புறம் பிள்ளைகள் பேரீச்ச ஓலை ஒன்றையும் மஞ்சள் காய் ஒன்றையும் சேர்த்துப் பிடித்து எல்லாத் திசைக்கும் ஆட்டின. அந்தக் காய் நம் நார்த்தங்காய்க்குக் கூடப்பிறந்தது. அதைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து, தங்கம் மாதிரி எடுத்து ஆட்டிவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்தார்கள். பண்டிகை முடிந்ததும் இதை என்ன செய்வீர்கள் என்று வகுப்பு மிஸ்ஸிடம் மெல்லக் கேட்டு வைத்தேன். உப்பில் போட்டால் என்ன மாதிரி இருக்கும்!

எல்லாருக்கும் சூப் ஊற்றினார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம். தர்ஷி தன் கூட்டாளிகளோடு அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். பேசி முடித்ததும் பழையபடி ஆகிவிட்டாளோ என்று எனக்குள் ஒரு கவலை. அவர் வாசல் பக்கத்தில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார். மேலே இலைகளுக்கு இடையே கறுப்பு வானம் நன்றாகத் தெரிந்தது.

அவர் சொன்னது சொன்னபடி மழை கொட்டியது. எங்கள் ஊர்ப் பக்கத்து நுவரெலியா மழை மாதிரி சிணுங்குகிற மழையில்லை, வாளியோடு கவிழ்த்த மழை. ரபாய் கையைத் தட்டிச் சத்தம் போட்டு என்னமோ சொன்னார். அவ்வளவுதான், பிள்ளைகளும் தாய்தகப்பன்மாரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார்கள். நானும் சேலையைத் தூக்கிப் பிடித்து ஓடினேன்.

உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டு பார்த்தால் அவரைக் காணோம்.

ஜன்னல் பக்கம் போனேன். மனுசன் குடிசைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. தலையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, சூப் கோப்பையை இரண்டு கையிலும் கும்பிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருக்கிறார். எனக்கு விளங்கிவிட்டது. ஒழுகினால்தான் சரி என்று சொன்னார்கள் அல்லவா? ஒழுகுகிறது. நனைவதுதான் இந்தப் பண்டிகையின் முக்கியமான கட்டம் என்று முடிவு செய்துவிட்டார். மற்றவர்கள் ஓடிவிட்டார்களே என்றுகூட அவர் நினைத்திருப்பார். ஒரு தடவை படங்கு போட்டுச் சாமி குற்றம் செய்தாயிற்று, இந்தத் தடவை கடைசிவரை இருந்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவந்து மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தன. சிரிப்பு தொடங்கியது. அன்று ஜூஸ் வழிந்தபோது கேட்ட அதே சிரிப்பு. ஒரு சின்னப் பையன், தர்ஷியின் வகுப்பு இல்லை, புதிதாகச் சேர்ந்தவன் போல, உரக்கக் கேட்டான். யார் அந்த ஆள், மழை பெய்வது அவருக்குத் தெரியாதா?

நான் தர்ஷியைப் பார்த்தேன். அவள் கூட்டாளிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். அவள் முகம் சிவந்தது. பிள்ளையே, ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"என் அப்பா" என்றாள் அவள் இங்கிலீஷில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. சூப் கோப்பையை எடுத்தாள், கதவைத் தள்ளினாள், மழைக்குள் நடந்தாள். ஓடவில்லை, சூப் சிந்தும் என்று நடந்தாள்.

நான் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். குடிசைக்குள் குனிந்ததும் அவர் பதறினார். "குடைய மடக்கு, குடைய மடக்கு! மேல மறைக்கக் கூடாதாம்."

தர்ஷி அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தாள். "அப்பா, சூப்புல தண்ணி விழுந்தா உள்ள போயிறலாம். அதுக்கும் சட்டம் இருக்கு. ரபாய் இப்பத்தான் சொன்னாரு."

"இத மொதல்லயே சொல்ல மாட்டியா? தெரிஞ்சும் நீ ஏன்டா வெளிய வந்த?"

அவள் சூப்பை ஒரு வாய் குடித்தாள். மழையில் அது குறையவே இல்லை.

"நீங்க இங்கதான இருக்கீங்க" என்றாள். அன்றைக்கு முன்னால் அவள் தானாக அவரிடம் தமிழ் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

அவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். அது சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, மூன்று பேருக்குக் காணாது. நான் குடையை மடக்கிவிட்டு, நல்ல சேலையோடு, நெருக்கி உட்கார்ந்தேன்.